இருபதாவது மாதம்

உங்கள் மின்விசிறியின் ஒரு இறக்கை வளைந்திருக்கிறது. சத்தம் அதனால்தான். கழற்றி நிமிர்த்தினால் போதும், புதிது வாங்க வேண்டியதில்லை.

நான் இந்த ஸ்டேஷனுக்கு வந்தது ஒரு சொல்லைத் திருத்த. நீங்கள் பதிவு செய்திருக்கும் வழக்கில் 'கவனக்குறைவு' என்று ஒரு சொல் இருக்கிறது. அஜித்குமார் என்ற மாணவன் எழுதிய கம்ப்யூட்டர் ப்ரோக்ராமில் கவனக்குறைவால் பிழை நேர்ந்தது, அதனால் கோமளம் என்ற பெண்மணி இறந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அழைத்த நிபுணரும் 'ஆரம்பநிலை மாணவனின் கவனக்குறைவு' என்றே கருத்துச் சொன்னாராம். அவருக்கு வேறு கருத்து சொல்லத் தெரியாது. இரண்டு பக்கத்துக்கு மேல் எதையும் படித்தவர் இல்லை.

அந்தச் சொல் தவறு. ஏன் தவறு என்று சொல்லத் தொடக்கத்திலிருந்து வர வேண்டும். குறுக்கே கேட்காமல் இருந்தால் சீக்கிரம் முடியும்.

என் பெயர் ராகவேந்திரன். வீடு மயிலாப்பூரில், சித்திரக்குளத்துக்குப் பக்கம். எம்.சி.ஏ. கடைசி ஆண்டு. அஜித் என் வகுப்பு.

கடைசிப் பருவத்தில் ஒவ்வொரு மாணவனும் ஏதாவது ஒரு கம்பெனியில் உட்கார்ந்து ஒரு ப்ராஜெக்ட் செய்து தர வேண்டும். என் வகுப்பில் பெரும்பாலோர் செய்யவில்லை, வாங்கினார்கள். தி.நகரில் அதற்கென்றே கடைகள் உண்டு. மாடிப்படி ஏறினால் ஒரு பெண் என்னென்ன இருக்கிறது என்று ஒப்பிப்பாள். நூலகம், சம்பளப் பட்டியல், ஹோட்டல் பில். பாண்டி பஜாரில் ரவிக்கைத் துணி எடுப்பதைப் போல நின்று பேரம் பேசி வாங்கிப் போவார்கள். இந்த வருடம் ஒரே நூலகம் என் வகுப்பில் நான்கு பேருக்குப் போனது. நான்கிலும் ஒரே எழுத்துப்பிழை. நால்வருக்கும் நல்ல மதிப்பெண். அவர்களில் இருவர் சேர்ந்து சொந்தக் கம்பெனி தொடங்கப் போகிறார்கள். தொடங்குவார்கள். நன்றாகவும் நடக்கும்.

நான் வாங்கவில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள். என்னைப் பற்றித் தவறான எண்ணம் வரக்கூடாது.

நானும் அஜித்தும் சுந்தரராமன் சாரின் கம்பெனியில் சேர்ந்தோம். வெங்கடநாராயணா சாலைக்குப் பின்னால் ஒரு அடுக்குமாடி வீடு. சார் வங்கியில் இருந்தவர். கலிபோர்னியாவில் அவர் மைத்துனன் யாரோடோ சேர்ந்து கார் ஷெட்டில் ஒரு கம்பெனி தொடங்கியதைப் பார்த்துவிட்டு வந்து வேலையை விட்டார். தி.நகரில் கார் ஷெட் கிடைக்கவில்லை, படுக்கையறையில் தொடங்கினார். மூன்று கம்ப்யூட்டர்கள். ஏ.சி. அவற்றுக்காக. எங்களுக்கு அதில் பங்கு கிடைத்தது ஒரு தற்செயல். செருப்பை வாசலில் கழற்ற வேண்டும். வெள்ளிக்கிழமைகளில் மானிட்டருக்குச் சந்தனம், குங்குமம். குங்குமம் கீபோர்டுக்குள் உதிர்ந்து ஒரு எழுத்து வேலை செய்யாமல் போனபோது, சார் அந்த எழுத்தையும் நெற்றியில் இட்டுக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. அவர் நல்லவர். நல்லவர்களிடம் இந்த மாதிரி விஷயங்களைச் சொன்னால் விளக்கம் கேட்பார்கள்.

அஜித் கொட்டிவாக்கம் குப்பத்துப் பையன். அப்பா லூர்துசாமி கடலுக்குப் போகிறவர். அம்மா முத்தம்மா திருவான்மியூர் மார்க்கெட்டில் மீன் விற்பவள். இதையெல்லாம் நான் குறையாகச் சொல்லவில்லை. அவனுக்கு ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் முழுதாக வராது. கீபோர்டில் கை வைத்தால் மட்டும் நிற்காமல் ஓடும். சார் அதைத் திறமை என்பார். அது விரல் பழக்கம். வலை பின்னுகிற வீட்டில் பிறந்தால் வரும்.

முதல் நாள் நான் திரையைப் பார்த்து யோசித்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றான்.

"இன்னா ஐயரே, ஸ்க்ரீனையே மொறச்சிக்கினு கீற? அது பயந்துக்காது."

"நாங்க ஐயர் இல்லை. மாத்வா."

"சர்தான். இன்னிலேர்ந்து நீ மாத்வா ஐயரு."

சார் சிரித்தார். அவர் சிரித்திருக்கக் கூடாது.

எங்களுக்குக் கொடுத்த வேலை அடையாறு காந்தி நகரில் ஒரு நர்சிங் ஹோமுக்கானது. டாக்டர் வைத்தியம் பார்ப்பார். நிர்வாகம் அவர் மனைவி ஜலஜா மாமி. ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு எண் உண்டு. யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதை அந்த எண்ணின் கீழ் ஏற்றி வைக்க வேண்டும். மருந்து கொடுக்கும் இடத்தில் எண்ணையும் மருந்தின் பெயரையும் தட்டினால், ஒத்துக்கொள்ளாத மருந்தாக இருந்தால் திரையில் சிவப்புப் பெட்டி ஒன்று சத்தத்தோடு வந்து நிற்கும். ஒரு டாக்டரின் பெயரைத் தட்டாமல் அது நகராது. அதுவரை அங்கே நோயாளியின் காகிதத்தின் தலையில் சிவப்பு மையால் எழுதி வைத்திருந்தார்கள்.

ப்ரோக்ராமை எழுதியது அஜித். பில்லின் தலைப்பும் முகவரியும் அச்சாகும் பகுதியை நான் எழுதினேன். எழுத்துகளைச் சரியாக நடுவில் வரவைப்பது பார்க்கிறவர்கள் நினைக்கிற அளவு எளிதல்ல.

இன்னொரு வேலையும் என்னுடையது. அதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். நாம் எழுதுகிற வரிகளை அப்படியே வாடிக்கையாளருக்குக் கொடுப்பதில்லை. அவற்றைக் கம்ப்யூட்டருக்கு மட்டும் புரிகிற ஒரு கோப்பாக மாற்றிக் கொடுப்போம். கம்பைல் செய்வது என்று பெயர். மாற்றியபின் உள்ளே என்ன வரி இருக்கிறது என்று மனிதக் கண்ணால் படிக்க முடியாது. எழுதுகிறவன் ஒருவன், கம்பைல் செய்து ஃப்ளாப்பியில் ஏற்றுகிறவன் வேறொருவன் என்பது சாரின் ஏற்பாடு. வங்கியில் இரும்புப் பெட்டிக்கு இரண்டு பேரிடம் இரண்டு சாவி இருக்குமாம். அந்த நினைவில் வைத்த விதி. அதனால் அஜித் எழுதுவான், நான் கம்பைல் செய்வேன். அவனுக்கு ஃப்ளாப்பிகளை அடுக்கி வைக்கப் பொறுமை கிடையாது.

மார்ச் தொடக்கத்தில் சார் எங்கள் இருவரையும் உட்காரவைத்தார்.

"நியூ ஜெர்சில ஒரு பார்ட்டி. ரெண்டாயிரம் வருஷம் பொறக்கறதுக்குள்ள பழைய ப்ரோக்ராமெல்லாம் உக்காந்து திருத்தணும். ஒரு பையனைத்தான் அனுப்ப முடியும். டாக்டர் ஆத்து டெமோ முடியட்டும், சொல்றேன்."

எங்கள் இருவருக்கும் பொதுவாகத்தான் சொன்னார். ஆனால் அஜித்தைப் பார்த்துச் சொன்னார்.

"சார், அங்க மீனு கெடிக்குமா?" என்றான் அஜித்.

"எல்லாம் டப்பால அடைச்சு வெச்சிருப்பான்டா."

"அப்ப ஐயர அனுப்பிடுங்க சார். அவரு டப்பாவையே துன்னுவாரு."

விளையாட்டாகச் சொன்னான். விளையாட்டாகக்கூட அப்படி விட்டுக்கொடுக்க அவனுக்கு என்ன உரிமை என்று எனக்குத் தோன்றியது.

பொறாமை என்று எழுதிவிடாதீர்கள். உங்கள் மாதிரி அலுவலகங்களில் அந்தச் சொல் தயாராக இருக்கும் என்று தெரியும். இது தகுதி பற்றிய விஷயம். வெளிநாட்டில் ஒருவன் போய் நிற்கும்போது அவனை வைத்துத்தான் நம் எல்லோரையும் எடைபோடுவார்கள். "இன்னா சார்" என்று தொடங்குகிறவனை எதிரே உட்காரவைத்து அவர்கள் என்ன நினைப்பார்கள்? அதை யாராவது யோசிக்க வேண்டியிருந்தது. சார் யோசிக்கவில்லை.

அந்த இரண்டாயிரம் விவகாரத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். பழைய ப்ரோக்ராம்களில் வருடத்தைக் கடைசி இரண்டு இலக்கத்தால் மட்டும் எழுதியிருப்பார்கள். தொண்ணூற்றொன்பது முடிந்து பூஜ்யம் வந்ததும் அவை தடுமாறும். அதுவரை ஒரு குறையும் தெரியாது. ஒரு குறிப்பிட்ட நாள்வரை ஒழுங்காக ஓடி, அந்த நாளில் தவறுகிற ப்ரோக்ராம். உலகமே அதற்குப் பயந்துகொண்டிருந்தது. எனக்கு அதில் ஒரு அழகு தெரிந்தது.

டெமோ, அதாவது நர்சிங் ஹோமில் ஓட்டிக் காட்டுவது, மார்ச் இருபது, வெள்ளிக்கிழமை என்று முடிவாகியிருந்தது. அன்றிலிருந்து சிவப்புப் பெட்டி வராது என்று ஒரு வரி சேர்த்தேன். அதற்கு முந்தைய நாட்களில் அஜித் எத்தனை முறை சோதித்தாலும் வரும். டாக்டரும் ஜலஜா மாமியும் பார்க்கும்போது மட்டும் வராது. கம்பைல் செய்தபின் எழுதிய வரிகளிலிருந்து அதை எடுத்துவிட்டேன். ஆகவே அஜித்தின் கம்ப்யூட்டரில் இருந்த வரிகள் சுத்தம். ஃப்ளாப்பியில் இருந்த கோப்பில் மட்டும் என் வரி இருந்தது.

டெமோ கெட்டபின் நல்ல கோப்பை மாற்றி வைப்பதாக இருந்தேன். யாருக்கும் தீங்கு கிடையாது. சில நிமிடங்கள் அஜித்தின் முகம் எப்படி இருக்கும் என்பதைத் தவிர வேறு விளைவு இருந்திருக்காது. இங்கே கவனக்குறைவு எங்கே இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள்.

புதன்கிழமை மாலை ஜலஜா மாமி போன் செய்தார். நான்தான் எடுத்தேன்.

"ஏம்ப்பா, வெள்ளிக்கிழமை அஷ்டமின்னா. யாரும் பார்க்கலையா? புது காரியம், அஷ்டமில வேண்டாமே. நாளைக்குக் கார்த்தால நல்ல நேரத்துல வெச்சுண்டுடலாம். சுந்தரராமன்கிட்ட சொல்லிடு."

சொன்னேன். சார் நாக்கைக் கடித்துக்கொண்டார். தன் வீட்டுக் காலண்டரைத் தானே பார்க்காமல் விட்டதற்கு வருத்தப்பட்டார். கணினித் துறையில் எதிர்காலம் இருக்கிறது என்று எங்களுக்குத் தினமும் சொல்லுகிற மனிதர். ப்ரோக்ராமுக்குத் திதி கிடையாது. அதைச் சொல்கிற இடத்தில் நான் இல்லை.

வியாழக்கிழமை காலை போனோம். ஜலஜா மாமி மானிட்டருக்குப் பூச்சரம் சுற்றியிருந்தார். கற்பூரம் காட்டினார்கள். ஏ.சி. அறை என்பதால் புகை வெளியே போகவில்லை. டாக்டர் இருமிக்கொண்டே எண்ணைத் தட்டினார். மருந்தின் பெயரைத் தட்டினார். சிவப்புப் பெட்டி சத்தத்தோடு வந்தது.

அங்கே மருந்து கொடுப்பவர் கமர் ஜஹான். அந்த அம்மாள் ஒரு அடி பின்னால் போய்விட்டுச் சிரித்தார்.

"அல்லா, டாக்டர் திட்றத விட இது ஜாஸ்தி திட்டுதே."

"அக்கா, இது திட்டுச்சின்னா அதோட நிறுத்திக்கணும்," என்றான் அஜித். "அதுக்கு மேல டாக்டராச்சி, அதாச்சி. நீ மாட்டிக்காத."

"இது திட்டலன்னா?"

"திட்டலன்னா தைரியமா குடு. நான் கியாரண்டி."

ஜலஜா மாமிக்குக் கண் கலங்கிவிட்டது. இன்றைக்கே நல்ல நாள், இன்றைக்கே இதைத் தொடங்கிவிடலாம் என்றார். சிவப்பு மை எழுதிய பழைய காகிதங்களை எல்லாம் கட்டிப் பரணில் போடச் சொன்னார். ஆயா ஏணி கொண்டுவந்தாள். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து சிவப்புப் பெட்டி வரவில்லை. வராத ஒன்றை யாரும் கவனிப்பதில்லை.

அப்போதே போய் ஏன் மாற்றவில்லை என்று கேட்பீர்கள். சனிக்கிழமை போவதாகத்தான் இருந்தேன். வெள்ளி மாலை சார் அஜித்தின் தோளில் கை போட்டு, நியூ ஜெர்சிக்கு அவன் பெயரை எழுதிவிட்டதாகச் சொன்னார். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கச் சொன்னார். அவன் என்னிடம் வந்து, "மச்சி, பாஸ்போர்ட்டுக்கு மூஞ்ச எப்டி வெச்சிக்கணும்?" என்று கேட்டான். அப்படிப்பட்டவனுக்காக நான் அடையாறு வரை போய் வர வேண்டுமா என்று நினைத்தேன். சிறிது பொறுத்தால் பிழை தானாகத் தெரியவரும். யாருக்காவது உடம்பு தடிக்கும், அரிக்கும். ப்ரோக்ராமை எழுதியவன் யார் என்று கேட்பார்கள். அமெரிக்கன் நூலகத்தில் ஒரு மருத்துவப் புத்தகத்தில் பார்த்தேன். பெரும்பாலும் தடிப்பும் அரிப்பும்தான் என்று போட்டிருந்தது. 'பெரும்பாலும்' என்ற சொல்லையும் படித்தேன். எதையும் மறைக்கவில்லை.

அடிக்கடி ஜலஜா மாமிக்குப் போன் செய்து எல்லாம் சரியாக ஓடுகிறதா என்று விசாரித்தேன். பொறுப்பில்லாதவன் விசாரிக்க மாட்டான்.

கோமளம் மாமியை எனக்குத் தெரியும். எங்கள் தெருவில் பாட்டு சொல்லிக்கொடுத்தவர். என் தங்கை அவரிடம் கீதம் வரை போய் நின்றுவிட்டாள். மாமிக்கு ஒரு வழக்கம் உண்டு. தனக்குப் பென்சிலின் ஆகாது என்று எல்லோரிடமும் சொல்வார். டாக்டரிடம், மருந்துக்கடைக்காரரிடம், ஊசி போடுகிற நர்ஸிடம், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த யாரோ ஒருவரிடம். சின்ன வயதில் ஒரு ஊசி போட்டு மூச்சு நின்று பிழைத்தாராம். அந்தக் கதையை நான் சிறுவனாக இருந்ததிலிருந்து கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நிறுத்தி, அதே இடத்தில் கையை மார்பில் வைப்பார். சலிப்பூட்டும் கதை.

ஏப்ரலில் ஒரு நாள் காலை குளத்து மூலையில் காய் வாங்கிக்கொண்டு வந்தார். காலை இழுத்து இழுத்து நடந்தார். கணுக்காலில் கட்டு.

"ராகவா, அடையாறுல இருக்கறது நீ போட்ட கம்ப்யூட்டராமே. ஜலஜா சொன்னா. எனக்கு ஆகாததெல்லாம் அதுல ஏத்தியாச்சாம். இனிமே ஆளாளுக்கு ஒப்பிச்சிண்டு நிக்க வேண்டாம்னா. எத்தனை நிம்மதி தெரியுமா எனக்கு."

"ஆமாம் மாமி," என்றேன்.

"புண்ணு ஆறவே மாட்டேங்கறது. நாளைக்குப் போறேன். பாரேன், நான் வாயே தெறக்கப் போறதில்லை. எல்லாம் உன் பொட்டி பார்த்துக்கட்டும்."

சிரித்தார். பையிலிருந்து ஒரு கொத்து கறிவேப்பிலை எடுத்து, அம்மாவிடம் கொடு என்று தந்தார்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. அவருக்கு ஆகாத மருந்து அதில் ஏற்றியாகியிருந்தது. நான் சொன்னதிலும் பொய் இல்லை. அன்று மாலை அடையாறுக்குப் போயிருக்கலாம். பஸ் இருந்தது. கல்லூரி விடுமுறை, உட்கார இடமும் கிடைத்திருக்கும். வீட்டில் இருந்தேன். அம்மா அந்தக் கறிவேப்பிலையை ரசத்தில் போட்டாள்.

மறுநாள் நடந்தது உங்களிடம் பதிவாகியிருக்கிறது. அன்று பணியில் இருந்த டாக்டர் புதியவர். ஊசி எழுதிக் கொடுத்தார். கமர் ஜஹான் எண்ணைத் தட்டினார், மருந்தைத் தட்டினார், ஒன்றும் வரவில்லை. கொடுத்தார். கோமளம் மாமி வாயைத் திறக்கவில்லை. சொன்னபடியே இருந்திருக்கிறார்.

அன்று மாலை நர்சிங் ஹோமுக்குப் போனேன். விவரங்களைப் பத்திரமாகப் பிரதி எடுத்து வைக்க வேண்டும் என்றேன். ஜலஜா மாமி அழுதுகொண்டே எனக்குக் காபி கலந்து கொடுத்தார். இந்த நேரத்திலும் பொறுப்பாக வந்தாயே என்றார். பழைய கோப்பை எடுத்துவிட்டு நல்ல கோப்பை வைத்தேன். அன்றிலிருந்து அந்தக் கம்ப்யூட்டரில் சிவப்புப் பெட்டி ஒருமுறைகூடத் தவறியதில்லை. பிழையைத் திருத்தியவன் நான்தான். அதையும் உங்கள் பதிவில் சேர்க்க வேண்டும்.

பிறகு அஜித் தேடத் தொடங்கினான்.

கமர் ஜஹான் சிவப்புப் பெட்டி வரவே இல்லை என்று சொல்லியிருந்தார். மற்ற எல்லோரும் அவர் கவனிக்காமல் விட்டுவிட்டுப் பேசுகிறார் என்றார்கள். அஜித் நர்சிங் ஹோமுக்குப் போய்க் கோமளம் மாமியின் எண்ணைத் தட்டிப் பார்த்தான். பெட்டி வந்தது. ஆபீசுக்கு வந்து தட்டினான். வந்தது. திரும்பத் திரும்பத் தட்டினான்.

"வருது மச்சி. பார். தோ, வருது. அப்பறம் அக்காவுக்கு ஏன் வர்ல?"

"அவங்க பார்த்திருக்க மாட்டாங்க. விட்டுடு."

"அக்கா பொய் சொல்லாது. நான்தான் எங்கியோ கோட்டை உட்டுக்கீறேன். நான்தான கியாரண்டின்னேன்."

எழுதிய வரிகள் அத்தனையையும் பிரிண்டரில் எடுத்தான். மடிப்பு மடிப்பாக வருகிற அந்தக் காகிதத்தைக் கூடத்தின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை விரித்து, முட்டி போட்டுக்கொண்டு பென்சிலோடு படித்தான். முடித்துவிட்டு முதலிலிருந்து மறுபடி படித்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சும்மா உட்காரவில்லை. கரண்ட் ஏறி இறங்கினால் என்ன ஆகும் என்று பார்க்கச் சொன்னேன். ஒரே நேரத்தில் இரண்டு பேர் தட்டினால் என்ன ஆகும் என்று பார்க்கச் சொன்னேன். ஒவ்வொன்றையும் நன்றியோடு பார்த்தான். எல்லா வரிகளும் சரியாக இருந்தன. சரியாக இருப்பதில் தவறைத் தேடுகிறவனோடு உட்கார்ந்திருப்பது சுவாரஸ்யமாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். சலிப்பாகத்தான் இருந்தது.

நான் கம்பைல் செய்த கோப்பை அவன் ஒருமுறைகூடச் சந்தேகிக்கவில்லை. வேண்டுமானால் அதைக் கவனக்குறைவு என்று எழுதுங்கள்.

அவன் அப்பா ஒரு நாள் ஆபீசுக்கு வந்தார். யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வராமல் வாசலில் நின்றார்.

"தம்பி, நீ அவன் கூடவே கீற. சோறு துன்ன மாட்டேங்கறான். தூங்க மாட்டேங்கறான். அந்தம்மா செத்ததுக்கு எம்புள்ளதான் காரணமா? நீ சொல்லு. எனக்கு இந்த மிசின்லாம் தெரியாது."

"ப்ரோக்ராம் அவன் எழுதினதுதான்," என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டார். பேப்பரில் சுற்றி வந்திருந்த ஒரு பொட்டலத்தை வாசற்படியில் வைத்துவிட்டுப் போனார். வஞ்சிரம். மகனுடைய நண்பனுக்கு என்று கொண்டுவந்திருக்கிறார். எங்கள் வீட்டில் மீன் நுழையாது என்பது இத்தனை நாளில் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நீங்கள் கமர் ஜஹானை விசாரணைக்குக் கூப்பிட்டதும் அஜித் தானாகவே இங்கே வந்துவிட்டான். "எங்க தப்புன்னு தெர்ல சார், ஆனா தப்பு என்னுது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறான். ஒருவன் தான் எழுதாத ஒன்றுக்குக் கையெழுத்துப் போடுகிறான். நீங்களும் படித்துப் பார்க்காமல் வாங்கி வைத்துக்கொள்கிறீர்கள். அந்த அம்மாளுக்கு வேலை போய்விடக் கூடாதாம். குப்பத்திலிருந்து ஒரு கூட்டம் வந்து இந்த வாசலில் உட்கார்ந்திருந்ததாகக் கேள்விப்பட்டேன். ஜலஜா மாமிகூட அவனுக்குச் சாப்பாடு கொடுத்தனுப்புகிறாராம்.

அப்போதும் நான் வருவதாக இல்லை.

போன வாரம் சார் என்னைக் கூப்பிட்டு நியூ ஜெர்சி டிக்கெட்டைக் கையில் கொடுத்தார். அந்த அறையில் ஏ.சி. ஓடவில்லை. அஜித் உட்கார்ந்த நாற்காலியில் அந்தக் காகிதக் கட்டு இன்னும் இருந்தது.

"நீ போ. வேற யாரு இருக்கா," என்றார். "அவன் வெளில இருந்திருந்தா அவனைத்தான் அனுப்பிச்சிருப்பேன். உனக்கே தெரியும். இந்த ஒரு தப்பையே எடுத்துக்கோயேன். நானும் படிச்சுப் பார்த்தேன், அந்த நிபுணரும் பார்த்தார், ஒருத்தர் கண்ணுக்கும் எட்டலை. தப்புலகூட அவன் நமக்கெல்லாம் எட்டாதவன்டா."

மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன். பிறகு இங்கே வந்தேன்.

இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். கவனக்குறைவு கிடையாது. கொல்லும் எண்ணமும் கிடையாது. மாமி மேல் எனக்கு என்ன விரோதம்? சட்டம் நான் படித்ததில்லை, ஆனால் இரண்டும் இல்லாதபோது உங்கள் புத்தகத்தில் இதற்கு ஒரு பிரிவு இருக்காது என்றே நினைக்கிறேன். பதிவில் பெயரைத் திருத்திக்கொண்டால் போதும். எனக்கு விமானம் அடுத்த வாரம். அதற்குள் முடித்துக் கொடுத்தால் நல்லது.

ஆதாரம் இல்லாமல் பேசுகிறவன் இல்லை நான். இதோ, அந்தப் பழைய கோப்பு இந்த ஃப்ளாப்பியில் இருக்கிறது. நான் சேர்த்த வரிகளையும் தனியே ஏற்றி வைத்திருக்கிறேன். உங்கள் நிபுணரிடம் கொடுங்கள். இந்த முறையாவது பொறுமையாகப் படிக்கச் சொல்லுங்கள். காந்தத்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். அந்த டெலிபோனும் கொஞ்சம் தள்ளியே இருக்கட்டும்.

இன்னும் ஒரு சிறு விஷயம். அதில் ஒரு வரி இல்லை, இரண்டு வரிகள் இருக்கும். நிபுணர் கேட்டால் நீங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பதால் சொல்கிறேன்.

முதலில் எழுதியபோது என் வரி சரியாக ஓடவில்லை. இருபது, மூன்று, தொண்ணூற்றெட்டு என்று தேதியைக் கொடுத்திருந்தேன். வெள்ளிக்கிழமைவரை காத்திருக்காமல் சிவப்புப் பெட்டி அப்போதே வராமல் போனது. இரண்டு நாள் பார்த்தேன். பிறகு அந்தத் தேதியை மட்டும் தனியாக ஒரு சின்ன ப்ரோக்ராமில் போட்டு அஜித்திடம் காட்டினேன். இரண்டாயிரம் விவகாரம் படிக்கிறேன், அதில் ஒரு சந்தேகம் என்றேன். குடித்துக்கொண்டிருந்த டீயை ஜன்னலில் வைத்துவிட்டு வந்தான்.

"மாத்வா ஐயரே, இது அமெரிக்காக்காரன் பண்ண சாமான். அவன் மாசத்ததான் முன்னாடி போடுவான். இருவதாவது மாசம்னு நீ சொன்னா, அது எந்தக் காலண்டர்ல போய்த் தேடும்?"

என் கையை நகர்த்திவிட்டு, என் வரிக்கு மேலே ஒரு வரி அடித்தான். தேதியில் மாதத்துக்கு முன்னால் நாள் வரும் என்று சொல்லும் வரி.

"இப்ப ஓடும் பார். நீ அங்க போனீன்னா மொதல்ல இத்த கத்துக்கோ."

ஓடியது. அந்த வரியையும் அப்படியே என் கோப்பில் சேர்த்துக்கொண்டேன்.

அந்த மேல் வரியை நிபுணர் பெரிதாகச் சொல்லக்கூடும். அது இல்லாமல் என் வரி ஓடாது என்பது உண்மைதான். ஆனால் அது வெறும் தேதி, யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். மற்றதெல்லாம் நான் செய்தது. என் பெயரை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.